"லேசா வீக்கம், அவ்ளோதான்": வியாசர்பாடியில் ஒரு ஹீமோபிலியா குடும்பத்தைக் கணக்கெடுத்தபோது

"கடந்த 12 மாதங்களில் உங்களுக்கு எத்தனை முறை இரத்தக்கசிவு ஏற்பட்டது?"

எங்கள் படிவத்தில் ஏழாவது கேள்வி இது. வியாசர்பாடியில் ஒரு மூன்றாம் மாடி வீடு. பிளாஸ்டிக் நாற்காலியில் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்த 41 வயதுக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு நாலு இருக்கும் மேடம்" என்றார். 4 என்று எழுதிக்கொண்டு எட்டாவது கேள்விக்குப் போய்விட்டேன். ஐந்து வாரம் கழித்து அதே மனிதரிடம் வேறு மாதிரி கேட்டபோது அந்த நாலு பதினேழு ஆனது. முதல் தடவை அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்கு நாலுதான் சரியான பதில்.

நான் பிசியோதெரபிஸ்ட். ஹீமோபிலியா உள்ளவர்களின் உடல்நிலை, படிப்பு, வேலை, வீட்டு நிலைமை எல்லாவற்றையும் அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்யும் வேலையில் 2024 தொடக்கத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். எனக்கு ஒதுக்கப்பட்ட வீடுகளில் இந்த ஒரு வீட்டைப் பற்றி மட்டும் விரிவாக எழுதக் காரணம், ஒரு கணக்கெடுப்பு எங்கெல்லாம் தவறும் என்பதை இந்த வீடுதான் எனக்குக் காட்டியது. எழுதுவதற்கு அவர்கள் சம்மதம் தந்திருக்கிறார்கள். யார் பெயரையும் சொல்லவில்லை. அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 41 வயதுக்காரரை மாமா என்றும், அவருடைய 33 வயதுத் தங்கையைத் தங்கை என்றும், அவள் மகனான ஒன்பது வயதுச் சிறுவனைப் பையன் என்றும் குறிப்பிடுகிறேன். மாமாவுக்கும் பையனுக்கும் கடுமையான ஹீமோபிலியா ஏ.

நோயைப் பற்றிச் சுருக்கமாக: இரத்தம் உறையத் தேவையான புரதங்களில் எட்டாவது காரணி குறைவாக இருந்தால் ஹீமோபிலியா ஏ, ஒன்பதாவது குறைவாக இருந்தால் பி. இருக்க வேண்டியதில் 1 சதவீதத்துக்கும் கீழே என்றால் கடுமையானது, 1 முதல் 5 வரை நடுத்தரம், அதற்கு மேல் 40 வரை லேசானது. ஏ வகை ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. கத்திக் கீறல் பட்டால் இரத்தம் நிற்காமல் போய் உயிர் போகும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். இந்த நோயோடு வாழ்பவர்கள் பயப்படுவது முட்டி, முழங்கை, கணுக்கால் ஆகியவற்றின் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் கசியும் இரத்தத்துக்கு. அந்த இரத்தத்தில் உள்ள இரும்பு மூட்டின் உட்சவ்வில் படிந்து சவ்வைத் தடிக்க வைக்கும். தடித்த சவ்வில் புது இரத்தக்குழாய்கள் முளைக்கும். அவை இன்னும் எளிதாகக் கசியும். ஒரே மூட்டில் ஆறு மாதத்துக்குள் தானாக மூன்று முறை கசிந்துவிட்டால் அந்த மூட்டைத் தனியாகக் குறித்து வைத்துக் கவனிக்க வேண்டும். விட்டால் குருத்தெலும்பு தேய்ந்து மூட்டு இறுகிவிடும்.

முதல் சந்திப்பு

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு. மாமாவும் அவருடைய அம்மாவும் அங்கே இருக்கிறார்கள். தங்கை குடும்பம் பக்கத்து பிளாக்கில். அன்றைக்குத் தங்கையின் மாமியாரும் வந்திருந்தார். எல்லோரும் ஒரே கூடத்தில். டீ வந்தது. நானும் படிவத்தை விரித்துவிட்டேன்.

நான் செய்த பெரிய பிழை அங்கேதான். "உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்தப் பிரச்சினை உண்டா? தாய்வழியா, தந்தைவழியா?" என்ற கேள்வியை மாமியார் எதிரிலேயே சத்தமாகப் படித்தேன். மகனுக்கு இந்தக் குறைபாடு தாய்வழியாக வருவது. பதில் அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் ஒரு வெளியாள் வந்து காகிதத்தை வைத்துக்கொண்டு கேட்கும்போது அது விசாரணை மாதிரி ஆகிவிட்டது. மாமியார், "எங்க பக்கம் யாருக்கும் கிடையாதும்மா, நல்லா எழுதிக்கோ" என்றார். தங்கை எழுந்து சமையல்கட்டுக்குள் போனவள் நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. இரவு முழுக்க அந்த முகம் மனதைவிட்டுப் போகவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் தனியாகக் கேட்க வேண்டும். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு முன்னோர் யாருக்கும் இல்லாமல் புதிதாகவே இந்த மரபணு மாற்றம் வருகிறது என்பதையும் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். கேள்வியைப் படித்த எனக்கு அந்த உண்மை தெரியும். அந்த மாமியாருக்குத் தெரியாது.

மீதிப் பதில்கள் எல்லாம் சுமுகமாக வந்தன. நடப்பதில் சிரமம் உண்டா? இல்லை. உடல் ஊனம் உண்டா? இல்லை. இன்றைய உங்கள் உடல்நிலைக்கு நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்? 90. நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். என்னை வழியனுப்ப அவரும் எழுந்தார். நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்து, உடம்பை இடப்பக்கம் சாய்த்து, வலது முட்டி மடங்கியபடியே ஊன்றி நின்றார். என் தொழிலில் அந்த மூன்று விநாடி போதும். நான் எழுதியிருந்த படிவத்துக்கும் எதிரில் நின்ற மனிதருக்கும் சம்பந்தமே இல்லை.

எந்தச் சொல்லால் கேட்பது

வீட்டுக்கு வந்து யோசித்தபோது முதலில் உறைத்தது "இரத்தக்கசிவு" என்ற சொல். இலக்கண சுத்தமான சொல்தான். அந்த வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. மாமா "ப்ளீட்" என்று சொன்னால், மருத்துவமனைக்கு ஓடி ஃபேக்டர், அதாவது உடம்பில் குறைவாக இருக்கும் உறைகாரணியை ஊசியாகப் போட்டுக்கொண்டது என்று பொருள். ஊசி போடாமல் வீட்டிலேயே ஐஸ் வைத்துப் படுத்துக் கிடந்தது "வீக்கம்". வேலைக்குப் போய்க்கொண்டே பல்லைக் கடித்துச் சமாளித்தது "முணுமுணுப்பு". உள்ளே நடப்பது மூன்றிலும் ஒன்றாகவே இருக்கலாம். படிவம் முதல் சொல்லை மட்டுமே கேட்டது. அதிலும் ஞாபகக் குறைவு இருந்தது. அவருடைய மருத்துவமனை நோட்டில் அந்த ஆண்டுக்கு ஆறு பதிவுகள் இருந்தன.

மார்ச்சில் மறுபடி போனேன். படிவத்தைக் கையில் எடுக்கவில்லை. கடையில் விற்கும் தினசரிக் காலண்டரின் பழைய அட்டை ஒன்றை வைத்துக்கொண்டு பண்டிகை பண்டிகையாக நடந்தோம். போன சித்திரைக்கு எப்படி இருந்தீங்க? பையனுக்கு ஸ்கூல் திறந்தப்ப? ஆடியில கூழ் ஊத்தினப்ப கோயிலுக்குப் போனீங்களா? ஆயுத பூஜைக்குக் கடையை யார் கழுவினாங்க?

ஆயுத பூஜையில் அவர் நிறுத்தினார். பாரிமுனையில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறார். பூஜைக்கு முதல் நாள் எல்லோரும் சாமான் இறக்கும்போது தான் மட்டும் உட்கார்ந்திருப்பது சரியாக இருக்காது என்று ஒரு பெட்டியைத் தூக்கினார். இரவு இடது முழங்கை பனங்காய் மாதிரி வீங்கிவிட்டது. பூஜை நாளும் சேர்த்து மூன்று நாள் வீட்டிலேயே இருந்தார். முதலாளியிடம் காய்ச்சல் என்றார். கடையில் யாருக்கும் ஹீமோபிலியா பற்றித் தெரியாது. முன்பு அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் உண்மையைச் சொல்லிவிட்டுச் சேர்ந்தார். ஓராண்டுக்குள், "நீ வீட்லயே ரெஸ்ட் எடு தம்பி" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கும் சொல்வதில்லை.

"மூணு நாள் கை மடக்க முடியல. அது ப்ளீட் இல்லையாண்ணா?"

"ஊசி போடல இல்ல மேடம். லேசா வீக்கம், அவ்ளோதான்."

மிக்ஜாம் வந்த வாரம்

காலண்டரில் டிசம்பருக்கு வந்தபோது அம்மாதான் பேச ஆரம்பித்தார். 2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னை முழுக்கத் தண்ணீர். அவர்கள் தெருவில் இடுப்பளவு நின்றது. கரண்ட் போனது போனதுதான். நாள் கணக்கில் வரவில்லை. பையனுக்காக வாங்கி வைத்திருந்த ஃபேக்டர் குப்பிகள் ஃப்ரிட்ஜில் இருந்தன. அவற்றை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. கீழ் வீட்டுக்காரர் காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிறவர். மீனுக்கு வைத்திருந்த ஐஸில் பாதியைக் கொடுத்தார். தெர்மாகோல் பெட்டியில் கீழே ஐஸ், மேலே மடித்த துண்டு, அதன்மேல் குப்பிகள். உறையாமல் இருக்கத் துண்டு வைக்க வேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் படித்ததில்லை. பத்து வயதிலிருந்து ஊசி குத்திக்கொண்டவருக்கு அது தெரிந்திருந்தது.

இரண்டாம் நாள் குடிதண்ணீர் தீர்ந்தது. கீழே லாரி வந்தபோது மாமா இரண்டு கேன்களை மூன்று மாடி ஏற்றினார். இரவு வலது கணுக்கால். குத்துக்கல் மாதிரி உட்கார்ந்தே இரவைக் கழித்தார் என்று அம்மா சொன்னார். பக்கத்தில் தெர்மாகோல் பெட்டிக்குள் மருந்து இருக்கிறது. இருவருக்கும் ஒரே குறைபாடு, ஒரே மருந்து. அவர் தொடவில்லை.

"தண்ணி எப்ப வடியும்னு தெரியல. புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா? நமக்கு என்ன, பழகுன காலு."

இரத்தக்கசிவின்போது சிகிச்சை பெற்றீர்களா என்பது எங்கள் படிவத்தில் பதினோராவது கேள்வி. அதற்கு மூன்று விடைகள்: பெற்றேன், மருந்து கிடைக்கவில்லை, தேவைப்படவில்லை. பிப்ரவரியில் அவர் மூன்றாவதைச் சொல்லியிருந்தார். நான் டிக் அடித்திருந்தேன். மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் இன்னொருவருக்காக எடுக்காமல் விட்டவருக்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

பதினேழும் உண்மையா

இரண்டு மணி நேரத்தில் 17 நிகழ்வுகள் சேர்ந்தன. அதை அப்படியே எழுதிவிடுவதும் தவறு. அவருடைய மூட்டுகள் ஏற்கெனவே தேய்ந்தவை. தேய்ந்த மூட்டில் கசிவு இல்லாமலும் வலி வரும். காலையில் விறைத்து, நாலடி நடந்ததும் தளர்ந்தால் பெரும்பாலும் தேய்மான வலி. மூட்டுக்குள் சூடாக, குறுகுறுவென்று தொடங்கி, சும்மா இருக்கும்போதும் ஏறிக்கொண்டே போய், மடக்கவும் நீட்டவும் விடாமல் செய்தால் கசிவு. இந்த அடையாளங்களை வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். 11 நிகழ்வுகள் கசிவு என்று நம்பிச் சொல்லலாம். ஆறு சந்தேகம். இரண்டையும் தனித்தனியாக எழுதினேன். பதினொன்றில் ஐந்து, வலது முட்டியில். அவற்றில் மூன்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மூன்றே மாதத்தில்.

உடம்பைப் பார்த்தபோது

முட்டி, முழங்கை, கணுக்கால் ஆறையும் அளந்து, நடையையும் சேர்த்து 0 முதல் 124 வரை மதிப்பெண் போடும் ஒரு முறை இருக்கிறது. எண் கூடக் கூட மூட்டு மோசம். மாமாவுக்கு 46. வலது முட்டி 25 டிகிரி மடங்கிய நிலையிலேயே நின்றுவிட்டது. அந்த எண் மருத்துவருக்கு உதவும். அவர் வாழ்க்கையைச் சொன்னது வேறொரு அளவுகோல்.

அது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் உருவானது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஃபிஷ் என்பார்கள். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, குந்துவது, நடப்பது, படியேறுவது, ஓடுவது என எட்டுச் செயல்களை நம் கண் முன்னாலேயே செய்யச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை போட வேண்டும். நம் மண்ணில் செய்த அளவுகோல் என்பதைக் குந்துவது என்ற ஒரு சொல்லிலேயே தெரிந்துகொள்ளலாம். குந்த முடியாதவர் இங்கே கழிவறைக்குப் போக முடியாது, பந்தியில் உட்கார முடியாது, சாவு வீட்டில் பாயில் அமர முடியாது. மாமாவுக்குக் குந்துவதில் 1, ஓடுவதில் 1, படியில் 2, மற்ற ஐந்திலும் 3. மொத்தம் 32க்கு 19.

நடப்பதில் சிரமம் உண்டா என்று பிப்ரவரியில் கேட்டேன், இல்லை என்றார். தரையில் கடைசியாக எப்போது உட்கார்ந்தீர்கள் என்று மார்ச்சில் கேட்டேன். "அப்பா காரியத்துக்கு" என்றார். பதினாலு வருஷம் ஆகிறது. உறவில் கல்யாணம் வந்தால் மொய்யை அம்மாவிடம் கொடுத்தனுப்பிவிடுகிறார்.

அந்த 90 மதிப்பெண்ணையும் நான் அழிக்கவில்லை. பிறந்ததிலிருந்தே இப்படி இருப்பவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு உடம்பு கிடையாது. நேற்று கால் வீங்கியிருந்தது, இன்று இல்லை, ஆகவே 90. அந்த எண்ணை நோயில்லாத ஒருவர் தரும் 90க்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தவறு. அவர் எழுந்து நின்ற விதத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அதற்கு அர்த்தம் உண்டு.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோபிலியாவையும் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அவரிடம் அட்டை இல்லை. அட்டை வாங்கினால் நாலு பேருக்குத் தெரியும், தெரிந்தால் வேலை போகும் என்று நினைக்கிறார். என்னால் அவரை மறுத்துப் பேச முடியவில்லை.

மாமாவும் மருமகனும்

மாமா பிறந்தது 1983இல். ஹீமோபிலியா உள்ளவர்களுக்கான இந்தியக் கூட்டமைப்பும் அதே ஆண்டில்தான் டெல்லியில் தொடங்கப்பட்டது. அவருடைய சிறுவயதில் வீக்கம் வந்தால் பிளாஸ்மா ஏற்றுவார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் கிரையோ, அதாவது பிளாஸ்மாவிலிருந்து உறைகாரணியைச் செறிவாகப் பிரித்தெடுத்தது. அதற்கு யாராவது இரத்தம் கொடுக்க வேண்டும். அப்பா தெருத்தெருவாக ஆள் தேடிக்கொண்டிருக்கும்போது இவர் முட்டியை மடக்கியபடி படுத்துக் கிடப்பார். பள்ளியில் இரண்டு வருடம் அப்படியே போனது.

இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகக் கிடைக்கிறது. பையனுக்கு மூன்று வயதிலிருந்தே கசிவு வருவதற்கு முன்பே, வாரம் இரண்டு முறை 250 யூனிட் போடுகிறார்கள். கிலோவுக்கு 1 யூனிட் போட்டால் எட்டாவது காரணி 2 சதவீதம் உயரும். 24 கிலோ பையனுக்கு அந்த ஒரு குப்பி 20 சதவீதத்தைத் தொடும். 8 முதல் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை அது பாதியாகக் குறைந்துகொண்டே வரும். மூன்றாம் நாள் ஏறக்குறைய தரைமட்டம். பெரிய அளவு இல்லைதான். ஆனாலும் பையன் மூன்று மாடியையும் ஓடியே இறங்குகிறான். எட்டுச் செயல்களில் ஏழில் முழு மதிப்பெண். மாமாவின் முட்டி அந்த வயதில் ஏற்கெனவே நீட்ட முடியாததாக இருந்தது. மரபணுவில் இருவருக்கும் ஒரே பிழை. நடுவில் இருப்பது முப்பத்திரண்டு வருடமும் ஒரு குளிர்ந்த குப்பியும்.

படிவத்தில் இல்லாதவள்

இரண்டாவது முறை போனபோது தங்கையிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா" என்றாள். மொட்டை மாடியில் துணி காயப்போடும் இடத்தில் நின்று பேசினோம். பையனுக்குப் பத்து மாதத்தில் தடுப்பூசி போட்ட தொடை கல்லாக வீங்கியதும் மருத்துவர் சொல்லும் முன்பே தனக்குத் தெரிந்துவிட்டது என்றாள். "அண்ணன் காலைப் பார்த்து வளர்ந்தவதானே நான்." அண்ணனுடைய நோட்டுகள் வீட்டில் ஒரு பை நிறைய இருக்கின்றன. இத்தனை ஆண்டுகளில் அவளைக் கூப்பிட்டு, உனக்கும் சோதனை செய்ய வேண்டும், கல்யாணத்துக்கு முன் தெரிந்துகொள் என்று ஒருவரும் சொன்னதில்லை.

அம்மாவுக்கு ஒரு காலத்தில் மூத்த மகளின் பெண்ணை மாமாவுக்கே கட்டிவைக்கும் எண்ணம் இருந்திருக்கிறது. நம் ஊரில் அக்கா மகளைக் கட்டுவது புதிதில்லை. இந்த நோயில் அதற்குத் தனிக் கணக்கு உண்டு. ஹீமோபிலியா உள்ள ஆணின் பெண் குழந்தைகள் எல்லோரும் அந்த மரபணுவைச் சுமப்பார்கள். மனைவியும் அதைச் சுமப்பவளாக இருந்தால், பிறக்கும் பெண்ணுக்கே கடுமையான ஹீமோபிலியா வரலாம். கல்யாணம் வேறு காரணத்தால் நின்றது. இந்தக் கணக்கை நான் சொல்லித்தான் அம்மா கேட்டார்.

"உனக்கு எப்படிம்மா இருக்கு?" என்று தங்கையிடம் கேட்டேன். அது படிவத்தில் இல்லாத கேள்வி. படிவத்தில் அவள் "பராமரிப்பவர்" மட்டுமே. பீரியட்ஸ் எட்டு, ஒன்பது நாள் போகும், முதல் மூன்று நாள் இரவில் இரண்டு தடவை எழுந்து மாற்ற வேண்டும் என்றாள். பையன் பிறந்தபோது இரண்டு யூனிட் இரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். சத்து மாத்திரை பலமுறை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கடைவாய்ப் பல் ஒன்று ஒரு வருடமாகச் சொத்தையாக இருக்கிறது. ஒரு பல் பிடுங்கி இரண்டு நாள் இரத்தம் நிற்காமல் போனதிலிருந்து பயம்.

சோதனைக்கு அழைத்துப் போனேன். எட்டாவது காரணி 31 சதவீதம். 40க்குக் கீழே இருக்கும் பெண்ணை வெறும் கேரியர் (மரபணுவைச் சுமப்பவர்) என்று சொல்லாமல், லேசான ஹீமோபிலியா உள்ளவர் என்றே வகைப்படுத்த வேண்டும் என்று இரத்த உறைவு குறித்த பன்னாட்டுச் சங்கம் 2021இல் புதிய பெயரிடலை வெளியிட்டது. அப்படிப் பார்த்தால் இரண்டு நோயாளிகளைக் கணக்கெடுக்கப் போன வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்றாமவள்தான் எனக்கு டீ போட்டுக் கொடுத்தவள்.

குழுவில் இதைச் சொன்னபோது எல்லோரும் ஒப்புக்கொண்டு படிவத்தை மாற்றினோம். கசிவுகளைக் காலண்டர் வைத்து, வீக்கம், ப்ளீட், முணுமுணுப்பு மூன்று சொல்லிலும் கேட்கிறோம். மருந்து இருந்தும் போடாத நாட்களுக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. ஏன் என்று எழுத இரண்டு வரியும். குடும்ப வரலாற்றைத் தனியாக, கடைசியில் கேட்கிறோம். வீட்டிலுள்ள தாய், சகோதரி, மகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். இதனால் ஒரு வீட்டுக்கு நாற்பது நிமிடம் என்றிருந்தது இரண்டு சந்திப்புகளாக, மூன்று மணி நேரமாக ஆகிவிட்டது. எங்களால் போக முடிகிற வீடுகள் குறைந்துவிட்டன. அந்த இழப்பு எனக்கு வருத்தம்தான். ஆனாலும் பழைய படிவத்தோடு இன்னொரு படியேற மனம் வரவில்லை.

மாமாவின் வலது முட்டிக்கு இப்போது வாரம் இரண்டு நாள் பயிற்சி தருகிறேன். 25 டிகிரி 18 ஆகியிருக்கிறது. கடையில் இன்னும் சொல்லவில்லை.

தங்கைக்கு ஜூனில் பல் எடுத்தார்கள். இரத்தப் பிரிவு மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு போனாள். முன்கூட்டியே, உறைந்த இரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை தொடங்கி, வலிக்கு ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்கள். அன்று சாயங்காலம் போன் செய்தாள். பஞ்சை எடுத்துவிட்டதாகவும், வாயில் உப்புக் கரிப்பு இல்லை என்றும், ராத்திரிக்கு ரசம் சாதம் ஆறவைத்துச் சாப்பிடலாமா என்றும் கேட்டாள்.